வீட்டு ஒலிப்பதிவுகளில் நாட்டார் பாடல்: ஒரு விமர்சன நோக்கு

நாட்டார் பாடலைப் பற்றி எழுதப் புகுவோர், அது அழிந்து வருகின்றது என்று தொடங்குவது நெடுநாளாக வழக்கமாகிவிட்டது. ஆயினும் அப்பாடல்கள் முற்றாக அழிந்துவிடவில்லை. வயலிலும் கடற்கரையிலும் தோட்டத்திலும் அவற்றைப் பிறப்பித்த வாழ்க்கைச் சூழல்கள் பெரிதும் மாறிவிட்ட இன்றைய நாளிலே, அவை வீட்டு அறைகளில் மீண்டும் ஒலிக்கின்றன. கைத்தொலைபேசியை மேசைமீது சாய்த்து வைத்து, எங்கோ கேட்ட பழைய பாட்டொன்றைத் தம் குரலிற் பாடிப் பதிவுசெய்து, பிறர் கேட்கும்படி பரப்பும் வழக்கம் உலகெங்கும் பெருகியுள்ளது. ஒருவர் பாடியதைக் கேட்டு மற்றொருவர் தமது வீட்டிலிருந்தே பாடிப் பரப்பும் இதனை வசதி கருதி ‘மறுபாடல்’ எனக் குறிப்பிடலாம்.

இம்மறுபாடல்கள் குறித்து இருவகைக் கருத்துக்கள் நிலவுகின்றன. வாய்மொழி மரபு புதியதொரு கருவியின் துணையோடு மறுபிறப்பு எய்தியுள்ளது என மகிழ்வோர் ஒரு சாரார். உழைப்பிலிருந்தும் சடங்கிலிருந்தும் பிரிக்கப்பட்ட பாடல் வெறும் பொழுதுபோக்குப் பண்டமே என ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இரு சாராரும் மறுபாடல்கள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கின்றனர். எந்த மறுபாடல் மரபினை வளர்க்கின்றது, எது அதன் வாயை அடைக்கின்றது என்று பகுத்துக் காண்பதே விமர்சனத்தின் பணியாகும். அதற்கான அளவுகோல் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

நாட்டார் பாடலுக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் ஆங்கிலேயரான செசில் ஷார்ப் குறிப்பிடத்தக்கவர். 1907ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் அவர் தொடர்ச்சி, வேறுபாடு, தெரிவு என்னும் மூன்றினை அதன் அடிப்படைகளாகக் கொண்டார். 1954இல் சர்வதேச நாட்டார் இசைக் கழகம் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணமும் இம்மூன்றையும் தழுவியதே. தனியொருவர் இயற்றிய பாடலும் ஒரு சமுதாயத்தின் வாய்மொழி மரபிற் கலந்து மாற்றம் பெறின் நாட்டார் பாடலாகலாம். ஆயத்தமாகக் கிடைத்து மாற்றமின்றி அப்படியே பாடப்படுவது நாட்டார் பாடலாகாது என்பது அதன் சாரம். எனவே பாடல் எங்கே பிறந்தது என்பதனிலும், கைமாறும்போது அதற்கு யாது நிகழ்கின்றது என்பதே முதன்மையான வினாவாகின்றது.

இதனை ஒலிப்பதிவுடன் பொருத்தி நோக்குகையில் ஒரு சிக்கல் புலனாகும். முன்னாளிலே பாடல் வேறுபட்டமைக்கு மறதி ஒரு பெருங்காரணம். பாட்டியிடம் கேட்ட பாட்டில் ஓரடி மறந்துபோயிற்று. பேத்தி அவ்விடத்தைத் தன் சொல்லால் நிரப்பினாள். அயலூரிற் கேட்ட மெட்டு முழுமையாக நினைவில் நிற்கவில்லை; தெரிந்த மெட்டொன்று அதனுள்ளே புகுந்தது. இவ்வாறு எவரும் திட்டமிடாமலே பாடல் புதுக்கோலம் பூண்டது. ஒலிப்பதிவோ மறப்பதில்லை. நூறு முறை கேட்டாலும் நூறு முறையும் ஒரே குரல், ஒரே மூச்சு, ஒரே நெளிவு. அதனைக் கேட்டுப் பழகுபவர் பாடலை மட்டுமன்றி, முன்னவர் மூச்செடுத்த இடத்தையும் தம்மையறியாமலே கற்றுக்கொள்கின்றார். மறதி தானாகவே செய்துவந்த பணியை இனிமேல் பாடுபவர் தமது துணிவினாற் செய்யவேண்டியுள்ளது. மறுபாடலின் அழகியற் பிரச்சினை இதுவேயாகும்.

ஒலிப்பதிவுக் கருவி பாடலை உறையவைக்கும் என்ற அச்சம் புதியதன்று. அவுஸ்திரேலியாவிற் பிறந்த இசையமைப்பாளர் பேர்சி கிரெயிஞ்சர் 1906இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர்ப் பகுதிக்கு மெழுகு உருளையிற் பதிவுசெய்யும் போனோகிராப் கருவியைக் கொண்டுசென்று நாட்டார் பாடகரின் குரல்களைப் பதிவுசெய்தார். ஷார்ப்போ கருவியினை ஐயத்துடன் நோக்கினார். காதாற் கேட்டுக் கையால் இசைக்குறிப்பு எழுதுவதையே அவர் விரும்பினார். ஆனால் கருவி வெளிப்படுத்திய உண்மை எதிர்பாராதது. ஒரே பாடகர் ஒரே பாடலின் ஒவ்வொரு செய்யுளையும் வெவ்வேறு நெளிவுடன் பாடுகின்றார் என்பதனை, உருளையை மீண்டும் மீண்டும் மெதுவாகச் சுழலவிட்டுக் கேட்ட கிரெயிஞ்சர் நிறுவினார். கையெழுத்துக் குறிப்பு ‘இதுவே மெட்டு’ என்று ஒன்றை நிலைநாட்டிய இடத்தில், கருவி பல மெட்டுக்களைக் காட்டியது. அவருக்குப் பாடிய ஜோசப் டெய்லர் என்னும் முதியவரின் பாடல்களை இலண்டனிலுள்ள கிராமபோன் நிறுவனம் 1908இல் இசைத்தட்டாக வெளியிட்டது. கருவி தன்னளவில் மரபின் பகையன்று என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டியதில்லை. அதனை எவ்வாறு கேட்கின்றோம் என்பதிலேயே பகையும் நட்பும் தங்கியுள்ளன.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டொன்று இங்கு நுணுகி நோக்கற்பாலது. 2020ஆம் ஆண்டின் இறுதியில், பெருந்தொற்றினால் மக்கள் வீடுகளுள் முடங்கியிருந்த வேளையில், ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த தபாற்காரரான நேதன் எவன்ஸ் என்ற இளைஞர் ‘வெல்லர்மன்’ எனப்படும் நியூசிலாந்துப் பாடலைத் தனியே பாடி டிக்டொக் தளத்தில் வெளியிட்டார். பக்கவாத்தியம் எதுவுமில்லை, முட்டியால் எழுப்பிய தாளமே துணை. அத்தளத்திலே ஒருவரது பதிவின் அருகே மற்றொருவர் தமது பதிவினை இணைத்துப் பாடும் வசதி உண்டு. ஒருவர் கீழ்க்குரல் சேர்த்தார். அதன்மேல் இன்னொருவர் வேறொரு குரல் சேர்த்தார். பின்னர் வயலின் சேர்ந்தது. ஒருவரையொருவர் காணாதோர் சில நாள்களுள் ஒரு பாடகர் குழுவாயினர்.

இப்பதிவு பரவியமைக்கு எவன்ஸின் குரல்வளத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. அது முற்றுப்பெறாத ஒரு பாடலாக இருந்தமையே அதன் வலிமை. பல்லவியிலே பிறர் வந்து சேர்வதற்கான வெற்றிடம் அதில் இருந்தது. தலைவன் ஒருவன் பாடக் குழுவினர் ஏற்றுப் பாடும் பழைய அமைப்பின் நிழல், தனியறையிற் பாடப்பட்ட அப்பாடலிலும் படிந்திருந்தது. அதனைக் கேட்டவர்கள் சுவைஞராக மட்டும் நின்றுவிடாது குழுவினராக மாறினர். இவ்வகையில் அது வாய்மொழி மரபின் உயிர்ப்பண்பொன்றை மீட்டெடுத்தது எனலாம்.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. 2021 தொடக்கத்தில் இசைத்தட்டு நிறுவனமொன்று எவன்ஸை ஒப்பந்தஞ் செய்தது. நடனத்துக்கேற்ற இயந்திரத் தாளத்துடன் வெளிவந்த வடிவம் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அவ்வடிவத்தில் வெற்றிடங்கள் அனைத்தும் நிரப்பப்பட்டுவிட்டன. கேட்பவர் ஆடலாம், கூடவே முணுமுணுக்கலாம், புதிதாகச் சேர்ப்பதற்கு அதில் இடமில்லை. பாடல் ஒன்றே, பாடியவரும் ஒருவரே. எனினும் முன்னது அழைப்பு, பின்னது பண்டம்.

அப்பாடலின் பொருளுக்கு நேர்ந்தது இதனினும் வருந்தத்தக்கது. எங்கும் அது கப்பலோட்டிகளின் உழைப்புப் பாடல் எனப்பட்டது. உண்மையில் அது பாய்மரம் இழுக்கும்போது பாடும் பாடலன்று. திமிங்கில வேட்டையைப் பற்றிய கதைப்பாடல். வெல்லர் சகோதரர்கள் 1831இல் நியூசிலாந்தின் ஒட்டாகோக் கரையில் திமிங்கில வேட்டைத் தளமொன்றினை நிறுவினர். அவர்களுடைய பண்டக் கப்பலைச் சார்ந்தோரையே பாடலின் பெயர் குறிக்கின்றது. அக்காலக் கரையோரத் தொழிலாளர் தமது ஊதியத்தைப் பணமாகவன்றி, உடை, மது, புகையிலை முதலிய பொருள்களாகவே பெற்றனர் என்பர். அப்படியாயின் பண்டக் கப்பலை எதிர்நோக்கிப் பாடும் குரல் வெறும் களிப்பின் குரலன்று. கூலிக்காகக் காத்திருப்பவனின் குரல். தோட்டக் கணக்கிலே அரிசி பெற்று, அதன் விலையைச் சம்பளத்திற் கழிக்கக் கொடுத்த மலையகத் தொழிலாளரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இக்குரல் அந்நியமானதன்று. கோடிக்கணக்கானோர் கேட்ட பாடலில் இக்குரல் எத்தனை பேர் செவியில் விழுந்தது?

அப்பாடல் நிலைத்த வரலாறும் பெரும்பாலும் மறைந்தே போயிற்று. 1966ஆம் ஆண்டளவில் நீல் கொல்குஹூன் என்னும் நியூசிலாந்துத் தொகுப்பாளர், எண்பது வயதைக் கடந்த ஒருவரிடமிருந்து அதனைப் பெற்றார். அம்முதியவர் தமது மாமனிடமிருந்து கற்றவர். மாமனிடமிருந்து மருமகனுக்கும், மருமகனிடமிருந்து தொகுப்பாளருக்கும், தொகுப்பிலிருந்து பாடகர் குழுக்களுக்கும் வந்த நீண்ட சங்கிலி அது. டிக்டொக்கில் அது தபாற்காரரிடமிருந்தே தொடங்குவதுபோலத் தோன்றிற்று. இது பாடியவரின் குற்றமன்று. சங்கிலியைச் சொல்லும் வழக்கம் அவ்வரங்கில் இல்லாமையின் குறை.

சங்கிலியைச் சொல்லாது விடுவதனால் விளையும் கேட்டினை எலிசபெத் கொட்டன் என்ற கறுப்பினப் பெண்மணியின் வரலாறு தெளிவாகக் காட்டும். அமெரிக்காவின் வட கரோலினாவிற் பிறந்த அவர் இடக்கைப் பழக்கமுடையவர்; வலக்கையருக்கான கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்துத் தாமாகவே வாசிக்கப் பயின்றார். சிறுமியாய் இருந்தபோதே சரக்குப் புகைவண்டியைப் பற்றிய ‘ஃபிரெயிட் ட்ரெயின்’ என்ற பாடலை ஆக்கினார். பின்னர் திருமணமும் வீட்டு வேலையும் திருச்சபையின் கண்டிப்பும் சேர, பல்லாண்டுகள் கிற்றாரைத் தொடாமலே வாழ்ந்தார். வோஷிங்டனில் இசையறிஞர்களான சீகர் குடும்பத்தாரின் வீட்டிற் பணிப்பெண்ணாகச் சேர்ந்த பின்னரே, அங்கிருந்த கிற்றாரை எடுத்து மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். நாட்டார் பாடல்களைத் தொகுத்துவந்த அக்குடும்பத்தினர், தம் சமையலறையிலேயே ஒரு கலைஞர் இருப்பதனை அப்பொழுதுதான் அறிந்தனர்.

அக்குடும்பத்துப் பெண் பெகி சீகர், கொட்டனிடம் கற்ற அப்பாடலை இங்கிலாந்திலே பாடினார். அக்காலத்திலே வீட்டுப் பலகைகளையும் தேயிலைப் பெட்டிகளையும் வாத்தியமாகக் கொண்டு பாடும் ‘ஸ்கிஃபில்’ இசை அங்கு இளைஞரிடையே பரவியிருந்தது. பாடல் கைமாறிற்று, 1957இல் அங்கு பெருவெற்றியும் பெற்றது. இயற்றியோர் என வேறிருவரின் பெயர்கள் பதிவாயின. பாடலை ஆக்கிய பெண்மணியோ அவ்வேளையில் பிறர் வீட்டிற் சமைத்துக்கொண்டிருந்தார். பின்னர் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் பயனாகவே அவருடைய பெயர் பாடலுடன் மீண்டும் இணைந்தது.

பெயரை மறைத்ததும் வீட்டுப் பாட்டே. பெயரை மீட்டதும் வீட்டு ஒலிப்பதிவே. 1950களின் பிற்பகுதியில் அக்குடும்பத்து மகன் மைக் சீகர், ஒலிநாடாக் கருவியுடன் கொட்டனின் வீட்டுக்கே சென்று அவர் பாடல்களைப் பதிவுசெய்தார். 1958இல் அவை ஃபோக்வேஸ் நிறுவனத்தின் இசைத்தட்டாக வெளிவந்தன. அதன்பின் உலகெங்கும் எண்ணற்றோர் அப்பாடலைத் தத்தம் வீடுகளிற் பாடிப் பழகினர். கொட்டனின் விரல்முறையையும் அவர் பெயரையும் சேர்த்தே கற்றனர். தமது தொண்ணூறாம் வயதை அண்மித்த காலத்திலும் மேடையேறிய அவர் 1985இல் கிராமி விருது பெற்று, 1987இல் மறைந்தார்.

நாட்டார் பாடல் கூட்டுப்படைப்பு, அதற்குத் தனியொருவரின் பெயரைத் தேடுவது தனியுடைமை மனப்பாங்கு என்று இங்கு தடை எழுப்பப்படலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் கூட்டு என்பது பெயரற்றோரின் கூட்டமன்று. பெயருடைய பலரின் தொடர். ‘மக்கள் பாடியது’ என்ற பொதுமொழி பெருமையாகத் தோன்றினும், நடைமுறையிலே அது பணிப்பெண்ணின் பெயரையும் கூலியாளின் பெயரையும் துடைத்துவிட்டு, இறுதியாகப் பாடியவரின் பெயரை மாத்திரம் ஒளிரச் செய்வதற்கே பயன்பட்டுள்ளது. யாவருக்கும் உரியது எனச் சொல்லப்பட்ட பாடலைப் பற்றிக்கொண்டு ஊதியம் பெற்றோர் மிகச் சிலரே. ஆதலின் ‘இன்னாரிடம் கற்றது’ என்று சொல்லுதல் உடைமை கொண்டாடுதல் அன்று. கடன் ஒப்புக்கொள்ளுதல் ஆகும்.

இவ்வுண்மைகள் ஈழத்து நாட்டார் பாடல்களுக்கு நெருங்கிய தொடர்புடையன. கரைவலை இழுக்கும் மீனவர் பாடும் அம்பாப் பாடல்கள், ஒருவர் தொடங்கப் பிறர் ஏற்றிழுக்கும் அமைப்பின. வலையின் பாரம் கூடுகையில் நடை தளர்வதும், மடி கரையை அண்மிக்கையில் விரைவதும் பாடலின் இயல்பு. அதனை அறையொன்றினுள் சீரான தாளத்தில் ஒரே மூச்சிற் பாடிவிட்டால் சொற்கள் தப்பும்; வலையின் பாரம் தப்பாது போய்விடும். அதற்காக அம்பாவை வீட்டிற் பாடலாகாது என்பதில்லை. இயந்திரம் வலையிழுக்கத் தொடங்கிய கரையில் அதனைப் பாடுவதற்கு வேறிடமும் அருகிவிட்டது. ஏற்றுப் பாடுவோருக்கு இடம் விட்டு, நடையின் ஏற்றத்தாழ்வைப் பேணிப் பாடும் பதிவு, தனிக்குரலின் இனிமையை மட்டும் காட்டும் பதிவினும் மேலானது.

மலையகப் பாடல்கள் வேறுபாடு என்னும் பண்புக்குச் சிறந்த சான்றுகள். தமிழகத்திலிருந்து தொழிலாளருடன் கடல்கடந்து வந்த மெட்டுக்களில் கங்காணியும் துரையும் கொழுந்தும் பிரட்டும் லயமும் புகுந்தன. பழைய கூடு புதிய துயரைச் சுமந்தது. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் அவற்றைத் தொகுத்து அச்சேற்றியமையால் இன்று பாடுவோர்க்கு அவை கிடைக்கின்றன. ஆனால் அச்சிலோ பதிவிலோ கிடைத்த வடிவத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பதே பற்று என எண்ணினால், அப்பாடல்களை ஆக்கியோர் செய்த செயலுக்கு நேர்மாறானதையே செய்தவராவோம். அவர்கள் கிடைத்த பாட்டிலே தம் வாழ்வைப் புகுத்தியவர்கள்.

ஒப்பாரியோ இவ்விரண்டினும் நுண்ணிய பிரச்சினையை எழுப்புகின்றது. தாலாட்டைப்போல ஒப்பாரியும் வீட்டிலே பிறப்பது. ஆனால் சாவில்லாத வீட்டில் அதனைப் பாடுவது அமங்கலம் எனக் கருதப்படுவதால், பாடவல்ல முதிய பெண்கள் பதிவுக்காகப் பாடத் தயங்குவர். இத்தயக்கத்தை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடல் எளிது. உண்மையில் அது ஒரு விமர்சனக் கருத்து. ஒப்பாரி இன்னாரை இழந்த இன்னாரின் குரல். முறைப்பெயரும் உறவும் அகன்றால் அது வெறும் மெட்டாகிவிடும் என்பதனை அப்பெண்கள் எந்த ஆய்வாளரிலும் நன்கு அறிவர். எனவே எல்லாப் பாடல்களும் எல்லாராலும் எவ்வேளையிலும் மறுபாடத் தக்கன என்ற எண்ணமும் மறுபரிசீலனைக்குரியது. பாடாது விடுவதும், பாடியவரின் சம்மதமின்றிப் பரப்பாது விடுவதும் மரபுணர்வின் பாற்பட்டனவே.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து மறுபாடலை மதிப்பிடுவதற்குரிய மூன்று வினாக்களைப் பெறலாம். யாரிடமிருந்து, எந்த ஊரில், எந்தச் சூழலிற் பெறப்பட்டது என்பதனை அது சொல்கின்றதா? மூலப்பதிவின் மூச்சையே நகலெடுக்காது பாடுபவரின் வாழ்வும் அதில் ஏதேனுமொரு வகையில் இடம்பெறுகின்றதா? அடுத்துப் பாடப்போகின்றவருக்கு அது இடம் விடுகின்றதா? குரலினிமையும் ஒலித்தெளிவும் இவற்றின் பின்னரே எண்ணப்படவேண்டியன. கொட்டனின் வீட்டிற் பதிவான பாடல்கள் இம்மூன்றிலும் தேறுவன. எவன்ஸின் முதற்பதிவு மூன்றாவதில் மிகச் சிறப்பாகவும் முதலாவதிற் குறைவாகவும் தேறுவது. அதன் வணிக வடிவம் மூன்றிலும் தேறாதது. வெற்றிப் பட்டியல் காட்டும் வரிசைக்கு இது நேர்மாறாக அமைவது வியப்பன்று.

நாட்டார் பாடல்களைத் தொகுத்தலும் பகுத்தலும் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்வியில் நெடுநாளாக இடம்பெற்று வருவன. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரின் கையிலும், கிரெயிஞ்சர் சுமந்து சென்ற போனோகிராப்பிலும் ஆற்றல்மிக்க கருவியொன்று இன்று உள்ளது. அதிலே பேர்த்தியார் பாடிய பாட்டும் பதிவாகலாம். அதனைக் கேட்டுப் பேரன் பாடும் பாட்டும் பதிவாகலாம். பின்னதனைப் பரப்பும்போது முன்னவரின் பெயரும் உடன் செல்லுமாயின், வீட்டு அறையும் வயலையும் கரையையும் போல நாட்டார் பாடலின் பிறப்பிடமாகும். அப்பெயர் செல்லாதாயின், பாடல் உலகெங்கும் ஒலிக்கும். பாடியவர் அடுக்களையிலேயே இருப்பார்.